மூன்றாம் பிளொப்பியில் சந்தனம்

19.10.93 செவ்வாய். காலை மழை, பிறகு புழுக்கம்.

வந்துவிட்டது, வந்துவிட்டது, டொஸ் ஐந்து கோப்பாய்க்கு வந்தேவிட்டது!!!

கொம்பியூட்டரை எழுப்பி ஓட்டுகிற டொஸ்ஸின் ஐந்தாம் பதிப்பு, ஐந்து பிளொப்பியில். நீர்வேலி ரவி அண்ணை கொழும்பிலிருந்து, கிளாலிக் கடலேரியில் வள்ளம் ஏறி, இடுப்புச் சாரத்துக்குள் சுற்றிக் கொண்டுவந்தவர். சோதனைச் சாவடியில் இது என்ன என்று கேட்டார்களாம். "கலியாண வீட்டுப் படம் எண்டனான்" என்று சிரிக்கிறார். ஒன்றும் நனையவில்லை. மணந்துகூடப் பார்த்தேன்.

இனி நான் வினாத்தாள் அடித்துக் கொடுக்கிற ரியூட்டரிக் கொம்பியூட்டருக்கு விடிவு. எட்டு மாதமாக நான் புள்ளி புள்ளியாகக் கீறிய தமிழெழுத்துப் புறோகிறாம் பழைய டொஸ்ஸில் முழுதாக ஏறாது. மெமறி போதாது என்று இடையில் நிற்கும். கடைசி நாலு வரிசை, ழ ள ற ன, வெளியே. அவை இல்லாமல் தமிழ் எழுதிப் பாருங்களேன்! வினாத்தாள் அடித்து வந்த பிறகு இடைவெளிகளைப் பேனையால் நிரப்புவது யார்? நான். நூற்றிருபது தாள்.

டொஸ் ஐந்து மெமறியில் தன்னை மேலே ஒதுக்கிக்கொண்டு கீழே இடம் விடுமாம். ரவி அண்ணை போன முறை கொண்டுவந்த கையேட்டில் இருக்கிறது. (பக். 40 முதல் 52 வரை இல்லை. யாரோ கடலை சுற்றிவிட்டார்கள்.)

20.10 புதன்.

ரியூட்டரி சேர் மாட்டாராம்.

"ஓடுற மிசினை ஏன் பிள்ளை குழப்புறாய்?"

"அது ஓடேல்லை சேர். நொண்டுது."

"உது குழம்பினால் வேறை மிசினுக்கு நான் எங்கை போறது? கொழும்புக்கு நீந்தியோ?"

நியாயம்தான். இருப்பது ஒன்று. ஆனால் நான் விடவில்லை. மத்தியானம் முழுக்க வாசலில் நின்றேன். கடைசியில் இறங்கி வந்தார். விஜயதசமி காலை, நல்ல நாள், ஒரே ஒரு முறை. பிழைத்தால் கொம்பியூட்டர் முன்னால் இருக்கிற கதிரைப் பக்கமே நான் வரக்கூடாது.

"எழுதித் தரட்டோ சேர்?"

"வாய் கூடிப்போச்சு."

செய்ய வேண்டியவை:
என் புறோகிறாமை ஒரு பிளொப்பியில் கொப்பி பண்ண. (வெறும் பிளொப்பி ஒன்றே ஒன்று.)
ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய். தொடக்கிவிட ஒரு மூடி பெற்றோல்.
அம்மாவிடம் சொல்லாமல் இருக்க.

23.10 சனி. சரஸ்வதி பூசை.

ரியூட்டரியில் கும்பம், அவல், கடலை. கொம்பியூட்டருக்கும் மாலை. டொஸ் ஐந்தையும் பூசைக்குக் கொடுத்தேன். கொடுக்காமல் விடலாமா, நாளைக்கு அதற்குத்தானே ஏடு தொடக்கல். சேரின் மனைவி மங்கை அக்கா வாங்கிப் படத்தின் முன் விரித்து வைத்தார். விடியும்வரை ஒன்றையும் தொடக்கூடாது. கை அரிக்கிறது. கடலை மூன்று தரம் வாங்கினேன்.

24.10 ஞாயிறு. விஜயதசமி.

சின்னப் பிள்ளைகள் அரிசியில் 'அ' எழுதி முடிய எங்கள் முறை. ஜெனரேற்றர் ஆறாவது இழுவையில் பிடித்தது. முதலாம் பிளொப்பி, சரி. இரண்டாவது, சரி. மூன்றாவது: கர்... கர்... உரலில் கல்லு விழுந்த சத்தம். வாசிக்க முடியவில்லையாம். வெளியே இழுத்தேன்.

அந்த நீள ஓட்டைக்குள், கறுத்த வட்டத்தின் மேலேயே, வடிவான சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

மங்கை அக்கா: "உறையோடை வைச்சால் சாமிக்கு என்ன தெரியும் எண்டு கழட்டிப்போட்டு வைச்சனான். அந்த ஓட்டை பொட்டுக்கெண்டே விட்டமாதிரி இருந்துது, பிள்ளை."

"மற்றதுகளுக்கும் வைச்சனீங்களோ?"

"இல்லை, நடுவிலை இருந்ததுக்கு மட்டும்."

ஐந்தில் நடு மூன்று. தப்பு என்னுடையதும்தான். கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சேரால் மனைவியைப் பேச முடியாது, சாமியைப் பேச முடியாது. மிஞ்சியது நான்.

"இப்ப பழசும் அழிஞ்சுது, புதுசும் ஏறேல்லை, மிசின் எழும்பாது. சந்தோசமோ?"

"நாளையிண்டைக்கு வாறன் சேர்."

"வரக்கூடாது எண்டெல்லோ கதை?"

"முறை இன்னும் முடியேல்லை. அஞ்சும் போய் முடிஞ்சால்தான் ஒரு முறை."

அழவில்லை. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் கொஞ்சம். அவ்வளவுதான்.

25.10 திங்கள். நல்ல மழை. எனக்கு வேண்டிய மழை.

கிணற்றுத் தண்ணீர் சரிவராது. தேத்தண்ணிக் கேத்தில் அடியில் வெள்ளைப் படை படிகிற தண்ணீர். முற்றத்தில் பேசின் வைத்து மழைத் தண்ணீர் பிடித்தேன். மூன்றாம் பிளொப்பியின் பிளாஸ்ரிக் கவரைப் பிளேட்டால் ஓரமாக வெட்டி, உள் வட்டத்தை எடுத்து, விரல் நுனியால் கழுவினேன். குங்குமம் போக மாட்டேன் என்றது. நானும் விடவில்லை.

ரவி அண்ணை வாசலில் நின்று, "டொக்டர், நோயாளி பிழைப்பாரோ?"

"சைக்கிள் எண்ணெய்க் கையோடை உள்ளுக்கு வரவேண்டாம். அங்கை நிண்டு கதையுங்கோ."

பழைய கவர் உள்ளேயும் சந்தனம். வேறு கவர் வேண்டும். மற்ற நாலும் தேவை. மிச்சம் ஒன்றுதான், என் எழுத்துகள் இருக்கிற பிளொப்பி. இதன் மற்றக் கொப்பி எழும்பாத மிசினுக்குள்.

பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம்.

வெட்டிவிட்டேன். கழுவிய மூன்றாவது வட்டம் அந்தக் கவருக்குள். எட்டு மாதம் இப்போது இரண்டு கொப்பித் தாளுக்கு நடுவே, வெறும் கறுத்த வட்டமாக. அம்மா கேட்டா: "என்னடி அப்பளம் காயப்போடுறாய்?"

26.10 செவ்வாய். வெயில்.

சேர் கதவைத் திறந்தார். ஜெனரேற்றரை அவரே இழுத்தார். அவரே!

முதலிலிருந்து. ஒன்று. இரண்டு. மூன்று. கர் என்றது. நின்றது. திரும்பவும் சுற்றியது. பிறகு நாலாவதைப் போடு என்று கேட்டது!! நான் போட்ட சத்தம் சந்திவரை கேட்டதாம்.

ஐந்தும் முடிய மிசின் எழும்பியது. மூன்றாவதை வெளியே எடுத்து, என் எழுத்து வட்டத்தைத் திரும்பக் கவருக்குள் போட்டேன். அதுவும் வாசித்தது. புறோகிறாம் ஏறியது. எங்கும் நிற்கவில்லை. ழ வந்தது. ள வந்தது. ற, ன.

ஒரு பழைய வினாத்தாளை அடித்து எடுத்தோம். சேர் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து இடைவெளி தேடினார். மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம்.

"பேனை?"

"தேவையில்லை சேர்."

"ம்." தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கதிரையை என் பக்கம் காலால் தள்ளிவிட்டார்.

மங்கை அக்கா சந்தனக் கிண்ணத்தோடு மிசினை நோக்கி வந்தார். பாய்ந்து குறுக்கே நின்றேன். "எனக்கு வையுங்கோ அக்கா. நெத்தியிலை."

27.10 புதன்.

சேரைக் கேட்கவில்லை. பேனை தொடாமல் அடித்து, கோதுமை மாப் பசையால் சந்தியில் ஒட்டியாயிற்று:

"கொம்பியூட்டர் ஆசை உள்ள எல்லோருக்கும். எங்கள் மிசின் இப்போது முழுத் தமிழ் எழுதும். முடியாது என்று சொன்னவர்கள் முதலில் வாருங்கள். கையேட்டின் பக். 40 முதல் 52 வரை யாரிடமாவது இருந்தால், கடலைத் தோல் ஒட்டியிருந்தாலும், கொண்டு வாருங்கள். தெரிந்ததைச் சொல்லித் தாருங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருவேன். எழுத்துகள் வேண்டியவர்களுக்குக் கொப்பி பண்ணித் தரப்படும். சனி பின்னேரம் மூன்று மணி. ஆளுக்கொரு பிளொப்பி. பொட்டு வைக்காதது."