சுவரில் ஓடிய கோலி

மே 4, ஞாயிறு

கடைக்கு லீவு, வெளியே மழை. கலைச்செல்வியைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது. அவள் மகன் பிரஜின் முதல் வாரமே என் முதுகில் ஏறிவிட்டான். மகள், பத்து வயது நீதுதான் பிடிகொடுக்கவில்லை. எதைக் கேட்டாலும் "சரி அங்கிள்", "வேண்டாம் அங்கிள்." ஒரு சிணுங்கல்கூட இல்லை. விருந்தாளிக்குக் காட்டுகிற இந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மே 6

சாலை பஜாரில் எங்கள் துணிக்கடையில் தூக்கிப்போடுகிற அட்டைக் குழாய்களைக் கொண்டுவந்தேன். நெடுக்காகப் பிளந்து, சுவரில் சாய்வாக ஒட்டி, மேலிருந்து கோலியை விட்டோம். முதல் வளைவிலேயே தாவி அலமாரிக்கடியில் போனது. பிரஜின் சிரித்தே செத்தான்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நீது மெதுவாக வந்தாள். "இவிட சரிவு கூடிப்போச்சு, அங்கிள்." சொன்னபடி தாழ்த்தினேன், ஓடியது! பிறகு அவளே சமையலறையிலிருந்து புட்டுக்குழாயை எடுத்து வந்தாள், சுரங்கப்பாதைக்காம். ஜன்னல் கம்பியில் துணிக்கயிற்றால் கட்டினோம். கோலி கடகடவென்று உள்ளே போய் வெளியே வந்தபோது "கொள்ளாம் அங்கிள்" என்று மெச்சினாள். மறுபடியும் அங்கிள்.

மே 7

காலையில் கலைச்செல்வி புட்டுக்குழாயில் மாவைப் போட, அத்தனையும் கீழே கொதிக்கிற தண்ணீருக்குள் போய்க் கஞ்சியாகிவிட்டது. கோலி போவதற்காக அடியிலிருந்த ஓட்டைச் சில்லை நீது கழற்றியிருக்கிறாள். இரவு குழாயை மட்டும் திருப்பி வைத்திருக்கிறாள்.

"ஆரு பாத்த வேல இது?"

நீதுவின் முகம் வெளிறியது. நான்தான் என்று முந்திக்கொண்டேன்.

"ஒங்களுக்கு பிரஜின் வயசா?"

வயிறார வாங்கிக்கட்டிக்கொண்டேன். பிறகு நீது பக்கத்தில் வந்து, "ரொம்ப தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். போச்சு, மரியாதை இன்னும் கூடிவிட்டது.

மே 8

சில்லு சோபாவுக்கடியில் கிடைத்தது. புட்டும் கிடைத்தது.

மே 11, ஞாயிறு

இரண்டு பாதை போட்டு நானும் நீதுவும் பந்தயம் விட்டோம். என் கோலி பாதியில் நின்றுவிட்டது. ஜெயிக்கிற ஆசை யாரை விட்டது? லேசாக, மிக லேசாக, விரலால் ஒரு தட்டு.

"கள்ளக்களி! விரல வச்சு தட்டியாச்சு, நான் பாத்தேன்!"

"இல்லவே இல்ல."

"பொய்! பெரிய பொய்!" சட்டையைப் பிடித்து உலுக்கினாள், கையில் கிள்ளினாள், அழுதுகொண்டே அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

கலைச்செல்வி கரண்டியோடு ஓடி வந்தாள். "பிள்ள அழுகு, நீங்க எதுக்கு இளிக்கிய?"

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவளுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. கதவில் வாயை வைத்து, "நான் தட்டல, ஒன் கோலிதான் போங்கு" என்று கத்தினேன். உள்ளிருந்து அதைவிடச் சத்தமாகப் பதில் வந்தது. சாப்பிடக் கூப்பிடும்வரை இரண்டு பேரும் ஓயவில்லை.