சுடாத கல்

தோழி,

இன்று காலை தையல் பெட்டியில் ஊசி தேடினேன். எல்லா ஊசிகளும் உன் காந்தத்தின் மேல் முள்ளம்பன்றி போலச் சிலிர்த்து நின்றன. தேயிலைத் தூளில் கலந்த இரும்புத் துணுக்குகளைப் பிடிக்கத் தொழிற்சாலையில் வைத்திருந்த பழைய காந்தம் அது. தொழிற்சாலையை நடத்தும் டீ மேக்கரிடம் பல்லைக் காட்டி நீ வாங்கி வந்தாய். முகர்ந்தால் இன்னும் தேயிலை வாசம் வருகிறது. உன் மரணச் செய்தி வந்ததிலிருந்து அழுதுகொண்டே இருந்தவள், அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து லுணுகலைக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்தவள் நீ. நான் அதே பாடசாலையில் தமிழ் ஆசிரியை. என் அம்மா மேலே தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பகலில், மேகமே இல்லாத வானம் இடித்தது. ஏழாம் நம்பர் மலையில் அம்மாவுக்கு எதிரே ஒரு கரிய கல் பாறையில் மோதி மண்ணில் புதைந்தது. தேங்காய் அளவு இருந்த அதைத் தோண்டி எடுத்து, லயக் குடியிருப்பு ஆட்கள் முனியாண்டி மரத்தடியில் வைத்து, மஞ்சள் பூசிக் கற்பூரம் காட்டிவிட்டார்கள். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"வானத்துல இருந்து விழுந்துச்சா? தொட்டப்ப கை வெந்துச்சா?"

"இல்லங்கய்யா. சூடே இல்ல. மண்ணு மாதிரி சில்லுனு இருந்துச்சு."

"அப்ப நம்ம தொழிற்சாலை அடுப்புல உருகி இறுகுன கிட்டந்தான். கெழவி சாமி விளையாட்டு காட்டுறா!"

பெரட்டே சிரித்தது. முப்பது வருடம் அந்த மலையில் நிமிர்ந்து நடந்தவள், அன்று கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் போனாள். அம்மாவைப் பொய்க்காரி ஆக்கியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆசிரியர் அறையில் உன்னிடம் சொல்லி அழுதேன். நீயோ துள்ளி எழுந்தாய்.

"சூடு இல்லையெண்டோ சொன்னவா? அப்ப அம்மா சொல்லுறது உண்மை! பொய் சொல்லுற ஆக்கள் நாங்கள் எதிர்பார்க்கிறதைத்தான் சொல்லுவினம். வானத்துக் கல் எண்டால் கொதிக்குமெண்டுதானே எல்லாரும் நினைப்பினம்? உள்ளுக்கை குளிர்ந்த கல், வரேக்கை காத்திலை உரசி மேல்தோல் மட்டுந்தான் உருகும். விழேக்கை அதுவும் ஆறிப்போம்."

மறுநாளே காந்தத்தோடு மரத்தடிக்கு வந்தாய். காந்தம் கல்லில் ஒட்டியது. "கிட்டத்துலயும்தான் ஒட்டும்" என்றார் கிளாக்கர். அவர் சொன்னதும் நியாயம்தான். கல்லின் எடைக்கும் பருமனுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும் என்றாய். பூசாரி குறுக்கே நின்றார்.

"சாமிய ஒடைக்கப் போறீங்களா டீச்சரம்மா?"

"இல்லை ஐயா. குளிப்பாட்டப் போறம்."

அப்படி ஒரு அபிஷேகம் அந்தத் தோட்டம் கண்டதில்லை. முதலில் கொழுந்துத் தராசில் சாமியை எடை போட்டோம். பிறகு விளிம்புவரை நீர் நிறைந்த அண்டாவில் பூசாரி சாமியை இறக்க, வழிந்த நீரை நீ தாம்பாளத்தில் பிடித்து, அதையும் எடை போட்டாய். கல் நீரைவிட மூன்றரை மடங்கு கனம். நம் மலைப் பாறை மூன்று மடங்குகூட வராது. காற்றுக் குமிழ் நிறைந்த கிட்டமோ அதற்கும் கீழே. மஞ்சள் கழுவிய கல்லில், முட்டை ஓட்டைவிட மெல்லிய கரும்பூச்சும், பிசைந்த மாவில் விரல் பதித்தது போன்ற பள்ளங்களும் தெரிந்தன.

பாறையில் மோதியபோது உடைந்த சில்லு ஒன்றை அம்மா வெற்றிலைப் பையில் வைத்திருந்தாள். அதன் உட்புறம் சாம்பல் நிறம், நடுவே மினுங்கும் உலோகப் பொட்டுகள். உன் பூதக்கண்ணாடியை அம்மாவிடம் நீட்டினாய்.

"அடியே, உள்ளுக்கு ஜவ்வரிசி கெடக்குடி!"

நீ அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். அந்தச் சின்ன உருண்டைகளைத்தான் நீ தேடியிருக்கிறாய். பூமியின் பாறையில் அவை கிடையாதாம். சில்லைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாய். மாதங்கள் கழித்துப் பதில் வந்தது: ஒலிவின், பைரொக்சீன் கனிமங்கள், கொஞ்சம் இரும்பு நிக்கல்; அந்த உருண்டைகள் நிறைந்த கொண்ட்ரைட் வகை விண்கல். நீ அதைப் பெரட்டில், கிளாக்கர் எதிரிலேயே, வகுப்பில் வாசிப்பது போல உரக்க வாசித்தாய். முதலில் கை தட்டியது சிரித்தவர்கள்தான்! அன்று மரத்தடியில் பொங்கல் பொங்கியது. கிளாக்கரும் வந்து, கல்லின் முன் கை கூப்பித் தயங்கி நின்றார். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"தொட்டுக் கும்புடுங்கய்யா. சுடாது."

பூமிக்கு வெளியிலிருந்து வந்த கல்லைவிட, அன்று அம்மா நிமிர்ந்த அந்த நிமிர்வுதான் எனக்குப் பெரிய அதிசயம். சாகும்வரை அவள் அப்படியேதான் நடந்தாள்.

நம்ப முடியாததை யாராவது சொன்னால், சிரிப்பதற்கு முன்னால் நான் இப்போதும் ஒரு கேள்வி கேட்கிறேன்: "தொட்டுப் பார்த்தீங்களா, எப்படி இருந்தது?" பிறகு வாயை மூடிக்கொண்டு பதிலைக் கேட்கிறேன். அது உன்னிடமிருந்து வந்தது, தோழி. காந்தமும் என்னிடமே இருக்கட்டும்.