விபூதி பூசிய உலை

2063 நவம்பர் 4, இரவு 11.20

இது கையில் கிடைத்தால் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். வார்டன் ஸ்டெல்லா மேடத்திடம் வேண்டவே வேண்டாம். இந்த அறைக்கு அடுத்து வரப்போகும் பெண்ணுக்காக எழுதுகிறேன்.

என் பெயர் அல்லி. பன்னிரண்டாம் வகுப்பு. ஓசூரை ஒட்டிய சிப் தொழிற்சாலைக்குப் பின்னால் எங்கள் பள்ளி விடுதி. நுண்கருவிப் பொறியியலுக்குத் தேர்வான எங்களுக்குப் பிடரியில் அரிசி அளவு சிப் ஒன்று வைத்திருக்கிறார்கள். அது தசைகளை இறுக்கிப் பிடித்துக் கைநடுக்கத்தை அடக்கும். காலையில் இயக்குவார்கள், இரவில் அணைப்பார்கள். சிப் இல்லாதவர்களுக்கு உள்ளே வேலை இல்லை.

இன்று தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டும் பயிற்சி. ஒன்றுகூட அறுந்துபோகவில்லை. அறைத்தோழி தேவசேனா, நிரம்பிய டீ டம்ளரைப் புறங்கையில் நிறுத்திக் காட்டினாள். "இன்ஜினியர் வேலை கிடைக்கலன்னா சர்க்கஸுக்குப் போயிரலாம்டி."

நவம்பர் 7, இரவு 12.05

சேனாவின் சிப் இரவிலும் அணையவில்லை. சாப்பிடும்போது கரண்டியைப் பிடித்த விரல்கள் திறக்கவில்லை. நான்தான் ஒவ்வொன்றாக விரித்தேன். "விடுடி, சோத்து மேல எனக்கு அவ்வளவு பாசம்" என்றாள். பரீட்சை பயம் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார்.

நவம்பர் 9, இரவு 11.50

லேபில் எங்கள் பேட்ச் சிப் ஒன்று மிச்சம் இருந்தது. சோதனை எப்போதும் ஏசி குளிரில்தான் நடக்கும். அதில் எல்லாம் தேறிவிடும். நான் உடம்புச் சூட்டில் நாள் முழுக்க வைத்துப் பார்த்தேன். தானாகவே இயங்கத் தொடங்கியது. பிறகு அணைக்க முடியவில்லை.

உப்புதான். சிப்புக்குள் துளி உப்பு போனாலும் சூட்டில் அது நகர்ந்து இப்படி ஆகும் என்று பாடத்திலேயே இருக்கிறது. அதனால்தான் சிப் செய்யும் கிளீன் ரூமில் பவுடர், மை, பொட்டு எதுவும் கூடாது. எங்கள் பேட்ச் ஆயுத பூஜைக்கு மறுநாள் செய்தது. வருடா வருடம், சிப் தகடுகளைச் சுடும் உலை அறையின் வெளிக்கதவுக்குத்தான் விபூதி பூசுவார்கள். இந்த வருடம் புது உலை வந்திருந்தது. "புதுசுக்கு நேராப் பூசாம எப்படி?" என்று உலையைப் பார்த்துக்கொள்ளும் முருகவேல் சார் அதன் வாயிலேயே மூன்று பட்டை இழுத்தார். நாங்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். துடைத்துவிட்டுத்தான் மூட்டினார்கள். சாம்பலில் இருக்கும் உப்பு துடைத்தால் போகாது.

ஸ்டெல்லா மேடத்திடம் சொன்னேன். "இந்த பேட்ச் எத்தனை ஆயிரம் பேர் கழுத்துல இருக்குன்னு தெரியுமா? வெளிய போச்சுன்னா கம்பெனியையே மூடிருவாங்க. உங்கப்பாவும் இங்க கேன்டீன்லதான இருக்காரு?"

நவம்பர் 10, இரவு 10.30

சேனா மூச்சை இழுத்தாள். விட முடியவில்லை. மார்பு ஏறி அப்படியே நின்றது. வண்டியில் ஏற்றினார்கள், என்னை உடன் வர விடவில்லை. சற்றுமுன் ஸ்பீக்கரில் அறிவித்தார்கள்: "மாணவி தேவசேனா உடல்நலக் குறைவால் சொந்த ஊருக்குச் சென்றுள்ளார். வதந்தி பரப்ப வேண்டாம்." அவள் செருப்பு கட்டிலடியில் கிடக்கிறது.

எனக்கும் அதே பேட்ச். குளிர்ந்தால் உப்பு நகராது. மெஸ்ஸில் ஐஸ் வாங்கிப் பிடரியில் கட்டியிருக்கிறேன். சிப்பை எடுத்துவிடச் சொல்லி அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். "எடுத்துட்டா வேலை போயிருமே சாமி. கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கோ. பொண்ணு இன்ஜினியர்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

நவம்பர் 11, இரவு 2.40

ஐஸ் கரைந்துவிட்டது. மெஸ் பூட்டியிருக்கிறது. சிப்பை அணைக்கும் நேரம் எப்போதோ கடந்துவிட்டது. இவ்வளவு பயந்தும் என் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. எழுத்தைப் பாருங்கள், அச்சடித்த மாதிரி இருக்கிறது.

அடுத்து வருபவளே, கழுத்தைக் காட்டாதே. வேலை போனால் போகட்டும். அவர்கள் என்ன சொன்னாலும்

கதவைத் தட்டுகிறார்கள். "அல்லி, தூங்கிட்டியாம்மா? டாக்டர் வந்திருக்காரு, திற." ஸ்டெல்லா மேடம்.

இதை மெத்தைக்கு அடியில் தள்ள வேண்டும். முதலில் பேனாவை விட வேண்டும். விரல்