பெயர் சொல்லும் முறை

1991 நவம்பர் 3
வடக்குச் சிறை

மினேகோவுக்கு,

மலை உச்சியில் பனி விழுந்துவிட்டதாம். இங்கே ஜன்னல் உயரத்தில் இருப்பதால் நான் பார்க்கவில்லை, காவலர் சொன்னார். மாதத்துக்கு ஒரு கடிதம், ஏழு தாள், சொந்தக்காரர்களுக்கு மட்டும் என்பது விதி. மனைவி என்று இப்போது யாரும் இல்லை. அந்த ஒன்றை உனக்கு எழுதுகிறேன், பெருமைப்பட்டுக்கொள்.

சட்டை தைக்கும் கூடத்தில் வேலை. எண்பது லட்சம் புத்தகம் விற்றவன், சினிமாவில் ஒரு காட்சிக்காக ஒரு கோட்டையையே கட்டி எரித்தவன், ஒரு நாளைக்கு நாற்பது காலர் தைக்கிறேன். மேற்பார்வையாளர் திட்டும்போது நான் இயக்குநர்களைத் திட்டியது நினைவுக்கு வரும். அவர் என்னைவிட மரியாதையாகத் திட்டுகிறார்.

ஒரு உதவி வேண்டும். அப்பா தொடங்கிய ஹைக்கூ வட்டத்திலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள், தெரியும். முப்பது வருடம் அங்கே என் கவிதைகள் தேர்வாகின. ஆனால் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேரின் புத்தகத்தைப் போட்டவன் நான். கவிதை எழுதிப் போடும் சீட்டில் யார் பெயரும் இருக்காதுதான், ஆனால் என் கவிதை என் விளம்பரத்தைப் போலவே கத்தும், எல்லோருக்கும் தெரிந்துவிடும். கவிதையைத் தேர்ந்தார்களா, பதிப்பாளரைத் தேர்ந்தார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இங்கே தைத்துக்கொண்டிருக்கும்போது யோசிப்பது இது ஒன்றைத்தான்.

நான் அனுப்புவதை உன் கையெழுத்தில் சீட்டில் எழுதி, மற்றவற்றோடு போட்டுவிடு. யாராவது தேர்ந்தால் என் பெயரைச் சொல். அது போதும்.

கென்சாகு


1991 நவம்பர் 24
டோக்கியோ

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் முழுவதும் நீங்களே இருந்தீர்கள். என் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பரவாயில்லை, நாற்பத்துநான்கு வருடப் பழக்கம்.

பதிப்பகத்தில் புது நிர்வாகம் நிதானமாக இருக்கிறது. நம் புத்தகங்களுக்குள் வைக்கும் பக்க அடையாள அட்டையில் உங்கள் படம் இருக்கிறது அல்லவா, கிடங்கில் ஆறு பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருவுகிறார்கள். நேற்று போயிருந்தேன். “தலைவர் எந்தப் பக்கத்துல ஒளிஞ்சிருக்கார்னு தேடியே கழுத்து போச்சுக்கா. அதுவும் ஒட்டகத்து மேல உட்கார்ந்திருக்கிற படம், கண்ணை மூடினாலும் தெரியுது” என்றாள் ஒருத்தி. உங்கள் தங்கை நான் என்பது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

வட்டம் இப்போதும் இரண்டாம் ஞாயிறு, அதே மாடி அறையில் கூடுகிறது. மூக்குக்கண்ணாடிக் கடை முனகாதா-சான் ஒரு கூட்டமும் தவறுவதில்லை. அவர் மகன் யசுஹிகோவுக்கு உங்கள் படத்தின் விளக்குப் பிரிவில் வேலை கேட்டு உங்கள் முன் தலை தாழ்த்தியது அதே அறையில்தான். கப்பல் சண்டைக் காட்சி எடுத்த அன்று, அலை அடங்கட்டும் என்று படகுக்காரர் சொல்லியும் நீங்கள் கேமராவை ஓட்டச் சொன்னீர்கள். படகு கவிழ்ந்து செத்த இரண்டு பேரில் யசுஹிகோ ஒருவன். வயது முப்பத்தொன்று. நீதிமன்றத்தில் நீங்கள் எதையும் மறுக்கவில்லை. அதற்காக இன்றும் உங்களை மதிக்கிறேன்.

முனகாதா-சான் எனக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறார். அன்றைய நாளைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை.

எனக்குரிய மூன்று சீட்டில் ஒன்றை உங்களுக்குத் தருகிறேன். பெயர் சொல்ல வேண்டி வந்தால் சொல்கிறேன். வராது என்று நினைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மினேகோ


1991 டிசம்பர் 8
வடக்குச் சிறை

மினேகோவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? கேட்டுவிட்டேன்.

அறுபது எழுதி ஐம்பத்தொன்பதைக் கிழித்தேன். எதையும் விற்கப் பார்க்காமல் நான் எழுதியது இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. நீ திருத்தாதே. உனக்குத் திருத்தும் வியாதி உண்டு.

குளிர்கால வெயில்
மடித்துவைத்த சட்டைமேல்
சிறிது நேரம்

முனகாதா எப்படி இருக்கிறார் என்று எழுத வேண்டாம். வாக்கை மட்டும் காப்பாற்று.

கென்சாகு


1992 ஜனவரி 13
டோக்கியோ

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அப்போதுதான் எனக்கே ஒழுங்காகத் தெரியும்.

பதினான்கு பேர், நாற்பத்திரண்டு சீட்டு. கலக்கிக் கொடுத்தார்கள். வழக்கம்போல ஆளுக்கு மூன்று சீட்டை எடுத்துப் பெரிய தாளில் படியெடுத்தோம், எது யார் கையெழுத்து என்று தெரியாதபடி. உங்களுடையது ஏழாம் தாளில், தபால் நிலையத்து அம்மாளின் குண்டுக் கையெழுத்தில் இருந்தது. தாள்கள் சுற்றி வந்தன. ஆளுக்கு ஐந்து தேர்ந்து, அதில் ஒன்றுக்கு முதலிடம்.

ஏழு பேர் அதைத் தேர்ந்தார்கள். நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, எடுத்தால் நியாயமாகாது. ஏழாவதாக முனகாதா-சான் தன் தேர்வை வாசித்தார். அவருக்கு அதுதான் முதலிடம். காரணம் கேட்டார்கள். அவர் பொதுவாக இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார்.

“சட்டைக்காரர் எங்கேன்னு இதுல சொல்லலை. எங்க வீட்டுல ஒரு சட்டை இருக்கு. சம்சாரம் மடிச்சு வெச்சது, அப்படியே இருக்கு. மத்தியானம் வெயில் அதுமேல வரும், போயிடும். இதை எழுதினவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கு.”

அதன்பிறகு, எழுதியவர் இருந்த இடத்திலிருந்தே பெயரைச் சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லை. “யாரோடது? கூச்சப்படாம சொல்லுங்க” என்றார் தலைமை வகித்தவர். முனகாதா-சான் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தார்.

நான் “மினேகோ” என்றேன்.

அவர் எழுந்து எனக்குத் தலை வணங்கினார். நானும் வணங்கினேன்.

உங்களைக் காப்பாற்றவா அப்படிச் சொன்னேன், அவரைக் காப்பாற்றவா என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டும் இல்லை. அந்த முகத்துக்கு எதிரே உங்கள் பெயரைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். மோசமான கவிதையாக இருந்திருந்தால் நான் வாக்குத் தவறியிருக்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த பதில்.

வட்டத்தின் இதழ் பிப்ரவரி இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது. அதற்குள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். நீங்கள் சொன்னபடி செய்கிறேன்.

மினேகோ


1992 மார்ச் 9
டோக்கியோ

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருபதாம் தேதி மாலைவரை காத்திருந்தேன். பதில் இல்லை. கோபம் என்று எடுத்துக்கொண்டு என் பெயரிலேயே அச்சுக்குக் கொடுத்தேன். இதழ் வந்ததும் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டேன்.

நேற்றுக் கூட்டம் தொடங்குமுன் முனகாதா-சான் சட்டைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். சிறையின் முத்திரை இருந்தது. உறவில்லாதவருக்கு எழுத நீங்கள் தனியாக அனுமதி வாங்கியிருக்கிறீர்கள் என்று அப்போதுதான் புரிந்தது. ஏழு தாள் எழுதலாம், நீங்கள் எழுதியிருந்தது நான்கு வரி. அவர் எல்லோர் முன்னாலும் வாசித்தார். “ஜனவரியில் நீங்கள் முதலிடம் தந்தது என்னுடையது. தங்கை பொய் சொன்னது என் பொருட்டு. பெயரைச் சொல்வது எழுதியவன் வேலை, சொல்கிறேன். சுமிகுரா கென்சாகு.”

மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. நான் தேடினேன். அவரும் தேடியிருப்பார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையில் கைவைத்துத் தலை தாழ்த்தினேன். தேர்வை ரத்துசெய்து அதை அடுத்த இதழில் அறிவித்துவிட வேண்டும் என்று தபால் நிலையத்து அம்மாள் சொன்னார். முனகாதா-சான் மறுத்துவிட்டார்.

“தேர்ந்தது தேர்ந்ததுதான். அது நல்ல கவிதை. யார் எழுதினதுன்னு தெரிஞ்ச பிறகும் நல்ல கவிதையாவே இருக்கு, அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு.”

அடுத்த இதழில் உங்கள் பெயரோடு திருத்தம் வரும். வாசகத்தை நானே எழுதி அவரிடம் காட்டினேன், சரி என்றார்.

கூட்டம் முடிந்து படி இறங்கும்போது முழங்கால் காரணமாக நான் பின்தங்கினேன். அவர் நின்று காத்திருந்தார். உங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன்.

“இனிமே எதுவும் அனுப்ப வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லுங்க. சீட்டு கைக்கு வரும்போதெல்லாம் இது அவரோடதா இருக்குமோன்னு பார்க்க ஆரம்பிச்சேன்னா, அப்புறம் நான் இங்கே வர முடியாது. கடையை விட்டா எனக்குப் போக இது ஒரு இடம்தான் இருக்கு, மினேகோ-சான்.”

சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன். ஒருமுறை உங்களிடம் வாக்குத் தவறினேன். அவரிடம் தவற மாட்டேன். நீங்கள் விடுதலையாகி வந்தாலும் அந்த மாடி அறைக்கு உங்களை அழைத்துப்போக மாட்டேன்.

மாதத்துக்கு ஒன்றுதான் என்பது தெரியும். ஏப்ரல் மாதத்துக் கடிதத்தை எனக்கு எழுதுங்கள். தையல் கூடம், சாப்பாடு, ஜன்னல், எதைப் பற்றி வேண்டுமானாலும். கவிதை வைக்க வேண்டாம்.

உங்கள் தங்கை
மினேகோ