ஃப்ரீடாவின் கையெழுத்து

8 ஒக்ரோபர் 1973, திங்கள்
இந்த இங்கிலீஷ் ஊரில் நான் கோட்டுத் தைக்கிற இடத்தில் இன்று எல்லாரும் றேடியோவைச் சுற்றி நின்றோம். சனிக்கிழமை, யூதர்கள் விரதமிருக்கும் நாளில், இஸ்ரேலில் சண்டை தொடங்கிவிட்டதாம். பக்கத்து மிசின்காரி ஜூடித்துக்குப் பத்தொன்பது வயது. "நான் அங்க போகப்போறன் பவளம். ஆம்பிளையள் சண்டையில. தோட்டத்தில பழம் பிடுங்க ஆள் வேணுமாம்" என்றாள்.
"நீயோ? கோப்பை கழுவவே அம்மாவைத் தேடுற ஆள்."
என் பகிடிக்கு எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.
அவளுடைய தாய் ஃப்ரீடாவும் இங்கேதான் பொத்தான் தைக்கிறார். போலந்தில் யூதர்களைக் கொன்று தீர்த்த அந்தப் பழைய உலக யுத்தத்தில் அவருடைய வீட்டார் ஒருவரும் மிஞ்சவில்லை. மிச்சம் இந்த மகள்தான்.

10, புதன்
சரியான எரிச்சல். இருபத்தொரு வயது ஆகாதவர் இஸ்ரேலுக்குப் போக, ஆள் சேர்க்கிறவர்களின் படிவத்தில் தாய் கையெழுத்து வேண்டுமாம். ஃப்ரீடாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. தையல் வகுப்புப் படிவம் என்று சொல்லி ஜூடித் அதை நீட்டியிருக்கிறாள், கள்ளி.
"அம்மா கேட்டா நீயும் அப்பிடியே சொல்லு. உன்னை நம்புவா."
நான் என்ன, பொய் தைக்கிற மிசினோ?

11, வியாழன்
சாப்பாட்டு நேரம் ஃப்ரீடா படிவத்தை என் முன்னால் வைத்தார். ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் இஸ்ரேல் என்ற சொல் தெரிந்தது — நாலு நாளாய்ப் பேப்பரில் அதுதானே. பாண் துண்டை வாய்க்குள் அடைத்துக்கொண்டு, "மகளிட்டயே கேளுங்கோ" என்றேன்.
பிறகு ஜூடித்தைப் படிக்கட்டில் மறித்தேன். "சண்டை நடக்கிற இடத்துக்குப் போகத் துணிவிருக்கு. பெத்தவளின்ர முகத்தைப் பாத்துச் சொல்ல இல்லையோ?" பகிடிக்குக் கேட்கவில்லை.
"உனக்கென்ன தெரியும்? செத்த ஆக்களுக்குப் பதிலா வளர்ந்தனான் நான். அவையளைக் காப்பாத்த அப்ப ஒருத்தரும் போகேல்லை."
படிக்கட்டை விட்டு விலகினேன்.

12, வெள்ளி
அவள் என்னோடு கதைக்கவில்லை. நானும்தான்.

15, திங்கள்
ஜூடித் தாயிடம் சொல்லிவிட்டாளாம். வெள்ளி பொழுதுபட, அவர்களின் ஓய்வுநாளுக்கு மெழுகுதிரி ஏற்றிய மேசையில்.
"எனக்கு முதலே தெரியும் பவளம்" என்றார் ஃப்ரீடா. "இஸ்ரேல் எண்ட அந்த ஒரு சொல்லு எனக்கும் வாசிக்கத் தெரியும். அவளாச் சொல்லட்டும் எண்டு இருந்தனான்."
கையெழுத்தும் போட்டாச்சாம். ஏன் போட்டனீங்கள் என்று கத்தினேன், முதலாளி திரும்பிப் பார்க்கும்படி.
"நான் பத்தொன்பதில அம்மாட்டச் சொல்லாமல் ஓடினனான். அதாலதான் உயிரோட இருக்கிறன். இவள் சொல்லிப்போட்டுப் போறாள்."
மத்தியானத்துக்குள் இரண்டு ஊசி முறித்தேன்.

24, புதன்
சண்டை நிற்கப்போகிறது என்கிறார்கள். ஆனாலும் ஜூடித் காலை விமானத்தில் போய்விட்டாள். நான் வழியனுப்பப் போகவில்லை.
ஃப்ரீடா பத்து மணிக்கு வந்து, மகள் அரைகுறையாய் விட்ட கோட்டுக் கைகளைத் தைக்கக் குந்தினார். அவருடைய பொத்தான் வேலை அப்படியே கிடந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை எனக்கு. பொத்தான் பெட்டியை மடிக்கு இழுத்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை.