கீழே நின்று பேசுகிறவள்

மார்ச் 4

பல் டாக்டர் வீட்டு மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கால்பந்து அளவுக்கு ஒரு குளவிக்கூடு. "கொல்லாம எடுத்துடுங்க, பாவம்" என்றார் வீட்டம்மா. போன வாரம் அதே குளவிகள் அவருடைய மாமியாரைக் கொட்டியிருக்கின்றன. பாவம் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வேலை போய்விடும்.

ஏணியைத் தண்ணீர்க் குழாயோடு கயிறு போட்டுக் கட்டினேன். தங்கை போனதிலிருந்து இதுதான் ஏற்பாடு. கயிறு நன்றாகவே பிடிக்கிறது. பேசத்தான் மாட்டேன் என்கிறது.

மார்ச் 5

வேலை இல்லை. சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று எழுதும் அளவுக்கு ஒன்றும் இல்லை.

மார்ச் 9

கோபம் கலைந்துபோகாமல் இருக்க இதை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஏணி பிடிப்பவர் வாயை மூடக் கூடாது. மேலே இருப்பவர் முகத்தில் வலை இருக்கும். குனிந்து கீழே பார்த்தால் வலை கன்னத்தில் ஒட்டும். ஒட்டிய இடத்தில் குளவி கொட்டும். ஆகவே குனியாமல், கீழே ஆள் இருக்கிறதா என்பதைக் காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். குரல் நின்றால் ஏணியில் கை இல்லை என்று அர்த்தம்.

விதியைப் போட்டவள் நான். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தவள். பிறர் பேச்சு என்றால் எனக்கு ஆகாது. அச்சகத்தை மூடினார்கள். அச்சக வாசலில் இருந்த குளவிக்கூட்டை எடுக்க ஆள் கிடைக்காமல் நானே எடுத்தேன். அதைப் பார்த்த நாலு பேர் கூப்பிட்டார்கள். தங்கை ஏணி பிடிக்க வந்தாள். இருபது வருஷம் ஓடிவிட்டது.

விதியை அவள் மீறியதே இல்லை. பார்த்த சினிமா, எதிர்வீட்டு நாய், தையற்காரர் கெடுத்த சட்டை என்று பேசிக்கொண்டே இருப்பாள். நான் பதில் சொன்னதில்லை. என் வாய்க்கு முன்னால் வலை. போன வருஷம் ஒரு வேலையில், வீட்டுக்காரர் வெளியே வந்து நின்று அவளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தார். கூடு பெரிசு. பேச்சும் நீண்டது. நான் மேலே குளவிகளோடு. அவள் கீழே அவரோடு. அவருக்கு ஐம்பத்தெட்டு, அவளுக்கு நாற்பத்தேழு. இப்போது அந்த வீட்டிலேயே இருக்கிறாள். கூட்டை எடுத்துக்கொண்டு தங்கையைக் கொடுத்துவிட்டு வந்த குளவிக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இந்த நோட்டில் அவரை வாடிக்கையாளர் என்றே எழுதுகிறேன். அவரும் என்னை மேடம் என்கிறார். உறவுமுறையில் குழப்பம் இல்லை.

மார்ச் 13

கழிவறை ஜன்னல், பால்கனி மூலை, மாடிப்படி எல்லாம் பார்த்தேன். ஊரெல்லாம் கட்டுகிற குளவி என் வீட்டில் மட்டும் கட்டுவதில்லை.

மார்ச் 17

கையெழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே, மணிக்கட்டில் ஒன்று கொட்டியது. கொட்டுவது புதிதில்லை. ஐஸ் வைப்பேன், திட்டுவேன், மறந்துவிடுவேன். இன்று உள்ளங்கால் அரித்தது. பிறகு நாக்கு தடித்தது. வேனுக்குள் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தால் உதடு வீங்கிய யாரோ ஒருத்தி. இன்று வேலைக்குப் போன வீட்டின் சொந்தக்காரர்தான் கிளினிக்குக்கு ஓட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம், "பாதிக் கூடு அங்கயே இருக்கு இல்ல?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நியாயமான கேள்விதான்.

மார்ச் 18

டாக்டர் சின்னப் பெண். இத்தனை வருஷம் தாங்கிய உடம்பு இனித் தாங்காதாம். அடுத்த தடவை கிளினிக்குக்கு வருமளவு நேரம் கிடைக்காதாம். தொழிலை விடுங்கள் என்றார். விட்டாலும் விடாவிட்டாலும் பையில் ஒவ்வாமை மருந்து நிரப்பிய ஊசி இருக்க வேண்டும், கொட்டிய உடனே தொடையில் குத்த வேண்டும். கூட இருப்பவருக்கும் குத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

"வீட்ல யார் இருக்காங்க?"

"நான் இருக்கேன்."

"நீங்கதான் மயங்கிக் கிடப்பீங்களே."

கெட்டிக்காரப் பெண்.

பழகுவதற்கென்று நர்ஸ் ஒன்றைக் கொடுத்தார். பார்க்க ஊசி போலவே இருக்கும், உள்ளே ஊசி இருக்காது. நிஜ ஊசி ஒரு பெட்டியில் இரண்டு. ஒன்று எனக்கு, இன்னொன்று கூட இருக்கிறவருக்கு. இரண்டையும் என் பையிலேயே போட்டுக்கொண்டேன்.

மார்ச் 20

தங்கையிடம் சொல்லலாம். சொன்னால் வந்துவிடுவாள். அதுதான் பிரச்சினை. பயந்து வந்தவளை, என்னைப் பார்க்க வந்தவள் என்று எப்படி எடுத்துக்கொள்வது? ஒரு வருஷமாக நானும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை. இப்போது போய், எனக்கு ஊசி குத்த ஆள் வேண்டும் என்றா ஆரம்பிப்பது?

மார்ச் 22

கீழ்வீட்டுக்காரரைக் கேட்டேன். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், பொறுப்பானவர். ஊசி இல்லாத ஊசியைக் கையில் கொடுத்து என் தொடையைக் காட்டினேன். ரத்தம் வருமா என்றார். வராது, இதில் ஊசியே இல்லை என்றேன். நிஜத்தில் வருமா என்றார். கொஞ்சம் என்றேன். அப்படியே சோபாவில் சாய்ந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினேன்.

கண் திறந்ததும், "உங்களுக்கு வேற யாரும் இல்லையாம்மா?" என்றார். நல்ல மனிதர். அதனால்தான் கேட்டார்.

மார்ச் 25

இன்று நான் பேசியது ஒரே ஒரு வார்த்தை: 'இல்லை.' போனில், கடன் வேண்டுமா என்று கேட்டவரிடம்.

மார்ச் 29

வருகிற வேலைகளுக்கெல்லாம் நாள் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாட்கள் எல்லாம் காலியாகக் கிடக்கின்றன.

தங்கை கூப்பிட்டாள்! "வேலை விஷயமாத்தான் கூப்பிட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அதே வீடு, அதே கூரை மூலை, மறுபடியும் கூடு. குளவிக்கு ஓர் இடம் பிடித்துவிட்டால் விடாது. வேறு ஆளைப் பார்க்கலாமே என்றாராம் வாடிக்கையாளர். "எங்க அக்கா இருக்கும்போது வேற ஆளான்னு கேட்டேன்" என்றாள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

விடுபட்ட வரியைக் கண்டுபிடிப்பதில் அச்சகத்தில் எனக்குப் பெயர் உண்டு. போனை வைத்தபின்தான் பார்த்தேன், என்னால் ஏற முடியாது என்ற வரியை விட்டிருந்தேன்.

ஏப்ரல் 1

போகணுமா? போகலன்னா ஏன்னு கேப்பா. போனா ஏறணும். கயிறு கட்டிட்டு ஏறலாம் — அவ வீட்டுக்கே போய்க் கயிறா? ஊசியைப் பையில வெச்சிக்கிட்டு ஏறினா என்ன? ஒண்ணும் ஆகாம இறங்கிட்டா சொல்லவே வேண்டியதில்ல. ஆயிட்டா —

ஆயிட்டாலும் சொல்ல வேண்டியதில்ல.

ஏப்ரல் 2

நேரமாகிவிட்டது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

இருட்டத் தொடங்கும்போது போய்ச் சேர்ந்தேன். வெளியே போன குளவிகள் எல்லாம் வீடு திரும்பும் நேரம். அப்போதுதான் எங்கள் வேலை. "வாங்க மேடம்" என்றார் வாடிக்கையாளர். தங்கை கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள். நலம் விசாரிப்பதெல்லாம் இல்லை. வேனிலிருந்து ஏணியை இறக்கிச் சுவரில் சாய்த்து, கீழ்ப்படியில் காலை ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நேற்றுவரை பிடித்தவள் மாதிரி.

நான் பாதுகாப்பு உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னைக்கு நீ ஏறு."

"நானா? எத்தனை வருஷம் கெஞ்சியிருப்பேன், ஒரு நாள் ஏற விட்டியா?"

"முட்டி வலி."

முட்டியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். உடுப்பை மாட்டிக்கொண்டாள். கால்பக்கம் மடித்துவிட வேண்டியிருந்தது. நான் அவளுடைய பழைய உடுப்பை மாட்டிக்கொண்டேன். துவைத்து மடித்து வேனிலேயே வைத்திருந்தேன்.

ஏறினாள். மருந்துப் பொடி அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா, இருக்கியா? பேசு."

என்ன பேசுவது? குளவிக்கூட்டுக்குக் கீழே நின்று இருபது வருஷம் பேசுவதற்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. பல் டாக்டர் வீட்டம்மாவிலிருந்து ஆரம்பித்தேன். கீழ்வீட்டுக்காரர் மயங்கி விழுந்ததைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர், "அடடா, எதுக்கு மயங்கினார்?" என்றார். ஊசியைப் பார்த்து என்றேன். "ஊசி எதுக்கு?" என்றார். அந்தக் குரலில் எந்தச் சாமர்த்தியமும் இல்லை. அப்புறம் என்ன என்று அறிந்துகொள்ள ஆசைப்பட்டார், அவ்வளவுதான். தங்கை ஏன் இங்கே இருக்கிறாள் என்று ஓரளவு புரிந்தது.

பேச்சை நிறுத்தக் கூடாது, விதி. ஆகவே சொன்னேன். மணிக்கட்டு, நாக்கு, கண்ணாடியில் தெரிந்த ஆள், டாக்டர், பெட்டியில் இருக்கும் இரண்டு ஊசி. ஏணியிடம் சொல்வது போலச் சொன்னேன்.

மேலே சத்தம் நின்றுவிட்டது. ஏணி அசைந்தது. அவள் குனியப் போகிறாள்.

"குனியாத. மேலேயே பாரு. நான் பிடிச்சிருக்கேன்."

குனியவில்லை. கூட்டைச் சுரண்டிச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, இறங்கினாள். தள்ளிப் போய் உடுப்பை உதறிவிட்டு வலையைத் தூக்கினாள்.

"இதை நான் மேல இருக்கும்போதா சொல்லுவாங்க?"

"நீ கீழ இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

அழுவாள் என்று நினைத்தேன். கையை நீட்டினாள்.

"அந்த இன்னொரு ஊசியை எடு."

ஏப்ரல் 3

என் தொடை நீலமாகக் கன்றியிருக்கிறது. ஊசி இல்லாத ஊசியை வைத்துத் தங்கை பழகினாள். வாடிக்கையாளரும் பழகினார். மென்மையாகக் குத்துகிறார், அது உதவாதாம். நாளை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறாள். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மாப்பிள்ளை என்றேன். ஐம்பத்தெட்டு வயதில் வெட்கப்பட்டார்.

ஏப்ரல் 6

பாதிக் கூட்டோடு விட்டுவந்த வீட்டுக்குப் போனோம். அவள் ஏறினாள். நான் சொன்ன கதையையே சொல்கிறேனாம், மேலிருந்து புகார். மாப்பிள்ளையிடம் கேட்டு ஏதாவது கற்றுக்கொண்டு வரச் சொல்கிறாள்.

ஏப்ரல் 15

காலையில் எழுந்தால் தொண்டை அடைத்திருந்தது. குரல் வரவில்லை. பயந்துபோய் ஊசியைத் தேடி எடுத்துவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. நேற்று இரண்டு வீட்டில் ஏணி பிடித்தேன்.