பாதியாகிப்போன கரண்ட் பில்

அக்கா வீட்டில் சௌக்கியமாக இருப்பவளுக்கு,

நீ போன இரண்டு மாதத்தில் இங்கே எதுவும் மாறவில்லை. குழாயில் காற்றுதான் வருகிறது. குப்பை வண்டி மணியடித்துக்கொண்டே நிற்காமல் போகிறது. ஓட்டுக் கேட்டபோது கும்பிட்ட கவுன்சிலர் இப்போது என்னைக் கண்டால் சந்து மாறிப் போகிறார். வெங்காய விலையைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். என் புலம்பல் தாங்காமல்தானே நீ பெட்டியைத் தூக்கினாய்.

ஆனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். கரண்ட் பில் பாதியாகிவிட்டது. ஃபேனை நிறுத்து, லைட்டை அணை என்று உன் பின்னாலேயே சுற்றியும் குறையாத பில். மீட்டர்தான் பழுது என்று மின்சார அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டேன்.

அங்கிருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பில்லு கொறஞ்சதுக்குச் சண்டை போட வந்த மொத ஆளு நீங்கதான் சார். வீட்ல எத்தனை பேரு?" என்று ஒரு படிவத்தை நீட்டினார்.

இரண்டு பேர் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை வீட்டுக்கே வந்து சரிபார்ப்பார்களாம். நாள் முழுக்க ஃபேன் ஓடட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை. அரசாங்கத்திடம் பொய் சொன்னவன் என்ற பெயரை மட்டும் எனக்கு வாங்கிக் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
படிவத்தின்படி உன்னுடன் வசிப்பவன்